450 வாட்ஸ் எங்கே இருக்கிறது? எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் ஒரு பார்வை

கம்ப்யூட்டர் கடையில் இரண்டு எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்டு மோடு பவர் சப்ளை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும்) பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். இரண்டிலும் 450 வாட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது. ஒரே அளவு, ஒரே மாதிரி ஃபேன், ஒரே மாதிரி ஒயர்கள். ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல நாலைந்து மடங்கு. தூக்கிப் பார்த்தால் ஒன்று கனக்கிறது, மற்றது காலி டப்பா போல இருக்கிறது. "பிராண்டுக்குத்தான் சார் காசு" என்று கடைக்காரரே சொல்லிவிடுவதும் உண்டு.

பிராண்டுக்கும் கொஞ்சம் காசு போகிறது, சரி. மீதிக் காசு எங்கே போனது என்பதை மூடியைக் கழற்றினால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கரண்ட் போய் இன்வர்ட்டர் வரும்போது கம்ப்யூட்டர் ஏன் ரீஸ்டார்ட் ஆகிறது, கேபினெட்டைத் தொட்டால் ஏன் சுருக்கென்கிறது, கேம் ஆடும்போது மட்டும் ஏன் மிஷின் அணைந்துவிடுகிறது என்ற கேள்விகளுக்கும் பதில் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது.

## தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை

சுவரில் வருவது 230 வோல்ட் ஏசி. விநாடிக்கு 50 சுற்று (50 ஹெர்ட்ஸ்), அதாவது 100 முறை திசை மாறும். கம்ப்யூட்டருக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் 12, 5, 3.3 வோல்ட் டிசி. ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வைத்து வோல்டேஜைக் குறைத்து, டயோடு போட்டு டிசி ஆக்கினால் வேலை முடிந்ததே என்று தோன்றும். பழைய ரேடியோக்களில் அப்படித்தான் செய்தார்கள். சிக்கல் எடையில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் சில நூறு வாட்ஸ் கொடுக்க வேண்டுமென்றால் கிலோக்கணக்கில் இரும்பும் செம்பும் வேண்டும். வீட்டில் பழைய ஸ்டெபிலைசரைத் தூக்கியவர்களுக்கு அது தெரியும்.

அதிர்வெண் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மர் சிறிதாகலாம் என்பது இயற்பியல். அதனால் எஸ்எம்பிஎஸ் நேர்வழியில் போவதில்லை. ஏசியை முதலில் அப்படியே உயர் வோல்டேஜ் டிசி ஆக்குகிறது. அந்த டிசியை டிரான்சிஸ்டர்களால் விநாடிக்குப் பல்லாயிரம் முறை, சிலவற்றில் ஒரு லட்சம் முறைக்கும் மேலே, வெட்டி வெட்டி மறுபடி ஏசி மாதிரி ஆக்குகிறது. அதைச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, திரும்பவும் டிசி ஆக்குகிறது. இப்படி ஸ்விட்ச் போட்டுப் போட்டு அணைப்பதால்தான் பெயரில் 'ஸ்விட்ச்' வந்தது.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் எஸ்எம்பிஎஸ் 63.5 வாட்ஸ்தான். இன்று சுமாரான ஒரு கிராபிக்ஸ் கார்டு தனியாகவே அதைவிடக் கேட்கும்.

## மூடியைத் திறக்கும் முன்

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தேட வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 330 மைக்ரோஃபாரட் கொள்ளளவுள்ள கெப்பாசிட்டர் 390 வோல்ட்டில் நிறைந்திருந்தால் அதில் இருப்பது சுமார் 25 ஜூல் ஆற்றல். கை வழியாகப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதை மெல்ல வடிக்க ஒரு ரெசிஸ்டர் வைப்பது வழக்கம். அந்த ரெசிஸ்டர் போய்விட்டதா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது.

## வாசலிலேயே தொடங்கும் சிக்கனம்

பவர் கார்டு செருகும் இடத்துக்குப் பின்னாலிருந்து மின்சாரத்தோடு கூடவே நடந்து பார்ப்போம். முதலில் வருவது ஃபில்டர். இதில் இருக்க வேண்டியவை:

1. ஃப்யூஸ். இது எல்லாப் பெட்டியிலும் இருக்கும்.
2. காயில். ஒரே வளையத்தில் இரண்டு செம்புக் கம்பிச் சுற்று. பெட்டிக்குள் நடக்கும் வேகமான ஸ்விட்ச் இரைச்சல் வீட்டு ஒயரிங்குக்குள் போகாமல் தடுக்கும்.
3. எக்ஸ் கெப்பாசிட்டர். பெரும்பாலும் சதுரமான மஞ்சள் டப்பா. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும்.
4. ஒய் கெப்பாசிட்டர். பொட்டு அளவு நீல வட்டு. ஒன்று பேஸிலிருந்து எர்த்துக்கு, ஒன்று நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு.
5. எம்ஓவி. மின்னல், வோல்டேஜ் எகிறல் வந்தால் அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் வட்டு.
6. என்டிசி தெர்மிஸ்டர். குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும், சூடானதும் வழிவிடும். காலியான கெப்பாசிட்டர் ஸ்விட்ச் போட்ட கணத்தில் ஒரே மூச்சில் மின்சாரத்தை இழுக்காமல் பார்த்துக்கொள்கிறது.

மட்டமான பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இந்தப் பகுதிதான். போர்டில் காயிலுக்கு வட்டம் வரைந்து, பெயர் அச்சிட்டு, ஓட்டையும் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் காயில் இருக்காது. இரண்டு வெற்றுக் கம்பித் துண்டுகளை வளைத்துச் செருகி ஈயம் வைத்திருப்பார்கள். பக்கத்தில் எம்ஓவி இருக்க வேண்டிய இரண்டு ஓட்டைகள் சும்மா திறந்து கிடக்கும். வரைந்த இன்ஜினியருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. தயாரித்தவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார், பெட்டி ஓடியிருக்கிறது, விட்டுவிட்டார். ஃபில்டர் இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும். பக்கத்தில் ரேடியோ வைத்தால் இரையும், ஸ்பீக்கரில் உறுமல் கேட்கும், ஒரு மழை நாளில் மொத்தமும் போகும்.

கேபினெட்டில் சுருக்கென்று அடிப்பதற்கான காரணமும் இங்கேதான். அந்த இரண்டு நீல வட்டுகள் பேஸையும் நியூட்ரலையும் கேபினெட்டோடு சேர்க்கின்றன. எர்த் சரியாக இருந்தால், அவை வழியாகக் கசிவது அப்படியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில், அல்லது மூன்று பின் பிளக்கை இரண்டு பின் பலகையில் மாட்டி ஓட்டும்போது, கேபினெட் இரண்டுக்கும் நடுவில் தொங்கும். சுமார் 115 வோல்ட். டெஸ்டர் வைத்தால் எரியும். 2.2 நானோஃபாரட் வட்டு என்றால் தொடுபவர் உடம்பில் பாய்வது 0.16 மில்லி ஆம்பியர் அளவு. ஆளைக் கொல்லாது, ஆனால் வெறும் காலோடு ஈரத் தரையில் நிற்பவருக்கு நன்றாகவே தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீல வட்டுகளே வைக்காத பெட்டியில் இந்தச் சுருக் வராது. "நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டதிலிருந்து ஷாக் அடிக்கிறது, பழசே தேவலை" என்று புகார் சொல்பவர்கள் பழி போட வேண்டியது சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டின் மேல். அதற்காக எல்லா ஷாக்கும் இந்த வகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே ஒயர் கழன்று கேபினெட்டைத் தொட்டாலும் அடிக்கும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் எர்த்தைச் சரி செய்வதுதான்.

## பெரிய கெப்பாசிட்டர்: கரண்ட் போன கணம்

ஃபில்டரைத் தாண்டினால் பிரிட்ஜ் ரெக்டிஃபையர். ஏசி இங்கே டிசி ஆகிறது. 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி 325 வோல்ட். அந்த உச்சி வரை நிரம்புவதுதான் பெரிய கெப்பாசிட்டர்.

பழைய வடிவப் பெட்டிகளில் 200 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டைத் தொடராக வைத்திருப்பார்கள். பின்பக்கம் 115, 230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்குமே, அது இவற்றுக்கானது. 115-இல் வைத்தால் இணைப்பு மாறி, வோல்டேஜ் இரட்டிப்பாகும். அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு அது சரி. நம் ஊரில் யாராவது விளையாட்டாக அதைத் தள்ளிவிட்டு ஆன் செய்தால், 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் மேலும் 325 வோல்ட் விழும். தீபாவளிதான்.

புதிய வடிவத்தில் நடுவே இன்னொரு சர்க்யூட் இருக்கிறது. ஏபிஎஃப்சி என்பார்கள். மெதுவடை போல நடுவில் ஓட்டையுள்ள தடித்த காயில் ஒன்றைப் பார்த்தால் அது இருக்கிறது என்று அர்த்தம். சுவரில் வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் கெப்பாசிட்டரை 380 முதல் 400 வோல்ட்டில் நிலையாக வைப்பது இதன் வேலை. மின்சாரத்தை உச்சியில் மட்டும் திடீரென்று இழுக்காமல் அலை முழுக்கச் சீராக இழுப்பது இன்னொரு வேலை. அதனால் யூபிஎஸ், ஒயரிங் மீதான சுமை குறைகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்குவது இந்தக் கெப்பாசிட்டர் மட்டும்தான். முழுச் சுமையில் 16 மில்லி விநாடியாவது தாங்க வேண்டும் என்பதுதான் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்கான தர அளவான ஏடிஎக்ஸின் வடிவமைப்பு வழிகாட்டியில் நெடுநாள் இருந்த அளவு. 450 வாட்ஸ் வெளியே கொடுக்கும் பெட்டி, உள்ளே வீணாவதையும் சேர்த்தால் கெப்பாசிட்டரிலிருந்து சுமார் 500 வாட்ஸ் உறிஞ்சும். அப்படியானால் 16 மில்லி விநாடிக்கு 8 ஜூல் வேண்டும்.

மலிவுப் பெட்டியில் 330 மைக்ரோஃபாரட் இரண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடராக இருப்பதால் சேர்ந்து 165 தான். 325 வோல்ட்டில் அதில் உள்ள மொத்தமே 8.7 ஜூல். அதையும் அடிவரை உறிஞ்ச முடியாது, வோல்டேஜ் ஓரளவு இறங்கியதுமே சர்க்யூட் நின்றுவிடும். சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்து 180-க்கு இறங்கினால் உச்சி 254, கையிருப்பு 5.3 ஜூல். ஏபிஎஃப்சி பெட்டியில் 390 வோல்ட்டில் நிற்கும் ஒரே ஒரு 330 மைக்ரோஃபாரட், முன்பு பார்த்தபடி 25 ஜூல். சுவரில் 180 வந்தாலும் அதே 25.

இன்வர்ட்டர் மாறும்போது ஒரு வீட்டில் மிஷின் தாங்குவதும், அடுத்த வீட்டில் ரீஸ்டார்ட் ஆவதும் இதனால்தான். வீட்டு இன்வர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். யூபிஎஸ் மோடில் மாற்றம் பத்துப் பதினைந்து மில்லி விநாடிக்குள் நடந்துவிடும். நார்மல் மோடில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். அது ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும். கம்ப்யூட்டர் ஓடும் வீட்டில் அந்த ஸ்விட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பார்த்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும், புது எஸ்எம்பிஎஸ் வாங்க வேண்டியதில்லை.

## நடுவே ஓர் எல்லைக்கோடு

அடுத்து, அலுமினியத் தகட்டில் திருகிய ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர்களும் மஞ்சள் டேப் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரும். அந்த டேப்பின் மேல் பெரும்பாலும் 28, 33, 35, 39 என்று ஓர் எண் இருக்கும். உள்ளே இருக்கும் ஃபெரைட் கட்டையின் அளவு அது, மில்லிமீட்டரில். 28 எண் போட்ட டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு வெளியே 500 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்த ஸ்டிக்கரை நம்ப எனக்கு மனம் வராது.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் போர்டைத் திருப்பிப் பார்த்தால் செம்புத் தடமே இல்லாத ஒரு வெற்றுப் பாதை குறுக்கே ஓடும். இந்தப் பக்கம் சுவர் மின்சாரம், அந்தப் பக்கம் நாம் தொடும் யூஎஸ்பி போர்ட்டும் ஹெட்ஃபோனும். இடைவெளி 6 முதல் 8 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. இதைத் தாண்ட அனுமதி உள்ளவை சிலதான்: டிரான்ஸ்ஃபார்மர்கள், சில ஒய் கெப்பாசிட்டர்கள், அப்புறம் ஆப்டோகப்ளர். நாலு கால் பூச்சி போல இருக்கும் ஆப்டோகப்ளர், வெளியே வோல்டேஜ் எவ்வளவு என்ற செய்தியை ஒளியாக மாற்றி உள்ளே அனுப்புகிறது. ஒயர் தொடர்பே கிடையாது. இந்தக் கோட்டில் மிச்சம் பிடித்த பெட்டி ஓடும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு நாள் இன்சுலேஷன் போனால் மதர்போர்டுக்கு 325 வோல்ட் போய்ச் சேரும்.

## 12 வோல்ட்தான் இன்று முதலாளி

எல்லைக்கு அப்பால் டயோடுகள், காயில், சிறிய கெப்பாசிட்டர்கள். பழைய வடிவத்தில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே காயிலில் சுற்றியிருக்கும். கட்டுப்படுத்தும் சிப் இரண்டையும் கலந்து பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஒன்றில் சுமை ஏறி அது இறங்கினால், சிப் இரண்டையும் சேர்த்துத் தூக்கும். தூக்கத் தேவையில்லாதது கூடிப்போகும், தேவைப்படுவது இன்னும் குறைவாகவே இருக்கும். கேம் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டு திடீரென்று 12 வோல்ட்டில் இழுத்து மிஷின் அணைந்தால், நடப்பது இதுதான். நல்ல பெட்டிகள் 12 வோல்ட்டை மட்டும் தயாரித்து, அதிலிருந்து 5-ஐயும் 3.3-ஐயும் தனித்தனிச் சிறு போர்டுகளில் எடுக்கின்றன.

இது ஏன் முக்கியம்? 1990-களில் பிராசசர் 5 வோல்ட்டிலிருந்தும் 3.3-இலிருந்தும் மின்சாரம் எடுத்தது. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது, 12 வோல்ட்டுக்கென்று தனியாக நாலு பின் ஒயர் ஒன்று பழக்கத்துக்கு வந்தது. இன்று பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதையும் 12-இலிருந்தே எடுக்கின்றன. ஆனால் சில பெட்டிகள் இன்னும் பழைய வடிவத்திலேயே தயாராகின்றன. ஸ்டிக்கரைப் படிக்கும் முறை:

1. பெரிய எழுத்தில் உள்ள வாட்ஸை விட்டுவிடுங்கள்.
2. 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்ஸ். பெட்டியின்மேல் 450 என்று இருந்தாலும் இன்றைய கேமிங் மிஷினுக்கு அது 192 வாட்ஸ் பெட்டிதான்.
3. 12 வோல்ட் இரண்டு வரிசையாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் இரண்டையும் கூட்டக் கூடாது. கீழே சேர்த்து எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும்.
4. 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது. 2004-இல் தொடங்கிய இந்தத் திட்டம் சொல்வது, உள்ளே போகும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதை மட்டும்தான். பாதுகாப்புக்கும் ஆயுளுக்கும் அது சான்று இல்லை.

650 வாட்ஸ் பெட்டி போட்டால் கரண்ட் பில் எகிறும் என்ற பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மிஷின் 150 வாட்ஸ் கேட்டால் பெட்டி அதையும் தனக்குள் வீணாவதையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

## தூங்காத 5 வோல்ட்

பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஊதா ஒயரில் 5 வோல்ட் கொடுப்பது அது. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயரைக் கறுப்பு (கிரவுண்ட்) ஒயரோடு சேர்த்து முழுப் பெட்டியையும் எழுப்புவது இந்த 5 வோல்ட்டின் தயவில்தான். பிறகு எல்லா வோல்டேஜும் நிலைத்ததும், 100 முதல் 500 மில்லி விநாடி பொறுத்து, சாம்பல் ஒயரில் 'பவர் குட்' என்று செய்தி போகும். பிராசசர் அதன் பிறகே கண் திறக்கும்.

ராத்திரி பகலாக ஓடுவதால் முதலில் சாவதும் பல நேரம் இந்தக் குட்டிப் பகுதியின் கெப்பாசிட்டர்தான். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருப்பது திரவம். சூட்டில் அது மெல்லக் காயும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த கெப்பாசிட்டர், 10 டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் தோராயமாக இரண்டு மடங்கு காலம் தாங்கும். 75 டிகிரியில் 16,000 மணி, 65-இல் 32,000 மணி. சித்திரை மாதம் அறையே 38 டிகிரியில் இருக்க, ஃபேன் தூசி அடைத்து மெதுவாகச் சுற்றினால் உள்ளே அந்தப் பத்து டிகிரி கூடிவிடுவது தெரியாமலே போய்விடும். காலையில் மிஷின் ஆன் ஆகாமல், நாலைந்து முறை பட்டனைத் தட்டினால் வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இது.

கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் கதை முடிந்தது. அடியில் வெளிர் மஞ்சளாக ஏதாவது ஒட்டியிருந்தால் அவசரப்பட வேண்டாம், ஆடாமல் இருக்க ஃபேக்டரியில் வைத்த பசையாக இருக்கலாம். அதே பசை பழுப்பாகிக் கருகியிருந்தால் அதுவும் ஆபத்துதான். சில வகைப் பசை கருகினால் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும்.

## திறக்காமல் பார்ப்பது

பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் சேர்த்து, ஃபேன் சுற்றினால் "எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கு" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அந்தச் சோதனை சொல்வது, சுமையே இல்லாதபோது பெட்டி எழுந்திருக்கிறது என்பதை மட்டுமே. 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும்போது என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது.

வாங்கும்போது இன்னொன்று செய்யலாம். மொபைல் டார்ச்சை ஃபேன் ஜன்னல் வழியாக அடித்துப் பாருங்கள். பவர் கார்டு செருகும் மூலையில் மஞ்சள் டப்பாவும் செம்புக் காயிலும் தெரிகிறதா, இல்லை வெறும் கம்பி வளைவா? பெரிய கெப்பாசிட்டர் ஒன்றா, சிறியதாக இரண்டா? அதன் பக்கவாட்டில் 400, 420 அல்லது 450 வோல்ட் என்று இருந்தால் ஏபிஎஃப்சி இருக்க வாய்ப்பு அதிகம், மெதுவடையைத் தேடுங்கள். 200 வோல்ட் இரண்டு என்றால் பழைய வடிவம். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடு தடிமனா, பிஸ்கட் டின் மூடி மாதிரி மெல்லியதா என்பதும் அந்த வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.